பதினோராவது கூறு

என் தோட்டாதான்.
அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
ஆனால் சதுப்புக்கு அக்கரையில்
அடுத்த காவலில் உட்கார்ந்திருந்தவன் ஹெல்மர்.
அருகில் இருப்பவன்தான் கைகொடுக்க வேண்டும்;
விந்தல் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
அதை யாரும் எழுதி வைத்ததில்லை.

வந்தான்.
பிர்க்காவும் வந்தது.
வீடு எனக்கு, படகை விற்று ஆளுக்குப் பாதி,
நாய் அவனுக்கு என்று
பிப்ரவரியில் முடிவாகியிருந்தது.
அது என் முழங்காலை முகர்ந்தது,
பிறகு செத்த மூஸின் கழுத்தை.
இரண்டுக்கும் ஒரே அளவு வாலாட்டியது.

"நல்ல இடத்தில் பட்டிருக்கு" என்றான்.
ஜூனுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய
முதல் வாக்கியம்.

ஒரு பின்னங்காலைப் பிர்ச் மரத்தில் கட்டினோம்.
இன்னொன்றை அவன் தோளில் தாங்கிக்கொண்டான்.
நெஞ்செலும்பு முடியும் இடத்தில் சின்னக் கீறல்,
அலகு மேல்நோக்கி,
அடியில் என் இரண்டு விரல்கள் தோலைத் தூக்கிப் பிடிக்க
பழைய தையலைப் பிரிப்பதுபோல்
திறந்துகொண்டே போனது வயிறு.
எங்கள் இருவர் முகத்திலும் ஆவி.

தொண்டைக்குழாயை அறுக்குமுன் முடிச்சுப் போட வேண்டும்.
கேட்காமலே நூலை நீட்டினான்.
மூத்திரப்பையை இரு கைகளிலும் ஏந்தி
பாசிமேல் நடந்துபோய் வைத்துவிட்டு வந்தான்,
ஒரு சொட்டுச் சிந்தாமல்.
வீட்டில் காப்பிக் கோப்பையை
ஒருநாளும் அப்படித் தூக்கியதில்லை.

இரைப்பை தன் எடையிலேயே உருண்டு வெளியே வந்தது,
சாக்கு மூட்டை அளவு,
புளித்த இலை வாடையோடு.
ஈரலைப் புரட்டினேன்.
பித்தப்பை இல்லை.
இந்த விலங்குக்கு அது கிடையாது.
இருபது வருடமாகத் தெரியும்,
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்:
கசப்பைச் சேர்த்துவைக்க ஒரு பை இல்லாமலே
நானூறு கிலோவரை வளரலாம் போலிருக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் முழங்கைவரை நெஞ்சுக்குள் விட்டு
இதயத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.
சொல்லவில்லை.

சுட்டவருக்கு நாக்கும் இதயமும்.
பையில் போட்டுத் தந்தான்.
என் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது சூடு,
வண்டி நிற்கும் பாதைவரை.

ஆறு நாள் தொங்கியது.
ஏழாம் நாள் கொட்டகையில்
சிக்ஸ்டன் கூறு போட்டான்.
தொடையும் விலாவும் கழுத்தும் கலந்து,
எடை பார்த்து,
கைப்பழக்கத்தில் பத்துக் கூறு.
தலைக்கட்டுக்கு ஒன்று.
பத்தொன்பது வருடம்
நானும் ஹெல்மரும் ஒரு கூறு.

பட்டியலை எண்ணியவன் பாதியில் நின்றான்.
எல்லோரும் தராசைப் பார்த்தோம்.
தராசில் ஒன்றுமில்லை.

யோர்டிஸ்தான் கையுறையைக் கழற்றினாள்.
ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒரு துண்டு,
தன் கூறிலிருந்து இரண்டு,
மேசைக் கோடியில் சேர்த்தாள்.
பதினொன்று.

சுட்டவள் திரும்பி நிற்க வேண்டும்.
நின்றேன்.
சுவரில் ஆணி, ஆணியில் போன வருடக் காலண்டர்.
முதுகுக்குப் பின்னால்
சிக்ஸ்டனின் விரல் எதையோ தொடும்.
"இது யாருக்கு?"
"யோர்டிஸுக்கு."
"இது?"
"அர்விதுக்கு."
"இது?"
"எங்களுக்கு."

யாரோ இருமினார்கள்.
வெளியே பிர்க்கா ஒருமுறை குரைத்து அடங்கியது.
"ஹெல்மருக்கு" என்று திருத்தினேன்.
கடைசியில் மிஞ்சியது எனக்கு.
திரும்பிப் பார்த்தபோது மேசைக் கோடி காலியாக இருந்தது;
அந்தச் சில்லறைக் கூறு யாருக்குப் போனதென்று
நான் கேட்கவில்லை.

ராத்திரி பொட்டலம் கட்டும்போது
கழுத்துக் கறியில் ஒரு முடி.
சாம்பல் நிறம், நுனி மட்டும் கறுப்பு.
மூஸின் முடி மடக்கினால் ஒடியும்.
இது வளைந்து கொடுத்தது.

குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது,
முடி இன்னும் என் விரலில்.